இரவில் விழித்திருப்பவர் யார்?

முதுமை, நோய், பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாதி ஒருவரின் பதில்கள்

கேள்வி: நான் கனடாவில், ரொறன்ரோவில் வசிக்கிறேன். சொந்த ஊர் கொண்டாவில். அம்மாவுக்கு 81 வயது. அப்பா இறந்த பிறகு வீட்டில் தனியாக இருக்கிறார். பகலில் உதவிக்கு வந்த பெண் திருமணமாகி வவுனியாவுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. இந்த ஆண்டு இரண்டு முறை விழுந்துவிட்டார். அண்மையில் அடுப்பில் பால் வைத்ததை மறந்து, பாத்திரம் கருகி, புகையைக் கண்டு பக்கத்து வீட்டார் ஓடி வந்திருக்கிறார்கள். நல்லூருக்கு அருகில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டைத் திருத்தி, பதினான்கு முதியவர்களை வைத்துப் பராமரிக்கிறார்கள். படங்கள் அனுப்பினார்கள். மாபிள் தரை, குளிரூட்டிய அறைகள், பூந்தோட்டம் எல்லாம் இருக்கின்றன. அடுத்த மாதம் பத்து நாள் விடுமுறையில் வருகிறேன். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது? மாமா குடும்பத்தினர் ‘ஊர் சிரிக்கும்’ என்கிறார்கள்.
– வாசகி, ரொறன்ரோ

பதில்: தங்கச்சி, அந்த மாபிள் தரையிலிருந்தே தொடங்குகிறேன். அப்படியொரு தரையைப் பார்த்துத்தான் என் பெரியக்காவை ஓர் இல்லத்தில் சேர்த்தேன். 34 ஆண்டுகள் வைத்தியசாலை விடுதிகளில் வேலை செய்தவள் நான். இருந்தும் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய், குளித்துத் திருநீறு பூசி விறாந்தையில் வரிசையாக இருந்த முதியவர்களைக் கண்டு மனம் நிறைந்து, அன்றே முற்பணம் கட்டினேன்.

ஏழாவது வாரம், அக்காவை இன்று நானே குளிக்க வார்க்கிறேன் என்று கேட்டு உள்ளே போனேன். முதுகின் கீழே, வாலெலும்புக்கு மேல், இரண்டு ரூபாய்க் குற்றியளவில் தோல் கறுத்துச் சிவந்திருந்தது. விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். நிறம் வெளுக்கவில்லை. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தது. எத்தனையோ தாதி மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த அடையாளம் அது. படுக்கைப் புண்ணின் ஆரம்பம். நம்முடைய நிறத் தோலில் சிவப்புச் சட்டென்று தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் சூடும் தடிப்பும் புரியும்.

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட அக்காவால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறை யாராவது திருப்பிவிட வேண்டும். பகலில் திருப்பினார்கள். இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை பதினொரு பேருக்கு ஒரே ஒரு பெண். பகலில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளும் அவளேதான். களைத்துத் தூங்கிவிட்டாள். அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபம் இல்லை. காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுத்தேனே என்ற துக்கம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

ஆகையால் எந்த இல்லத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இரவில் விழித்திருப்பவர் யார்? ‘நாங்கள் இங்கேதான் படுக்கிறோம்’ என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் உங்கள் அம்மா இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்பும்போது மேல்மாடியில் தூங்குகிறவர்களால் என்ன பயன்? நேற்று இரவு வேலைக்கு நின்றவர் யார் என்று கேளுங்கள். அவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேச விடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போவார், யார் யார் எழும்பினார்கள் என்று சாதாரணமாக விசாரியுங்கள். விழித்திருந்தவர் ‘அந்த மூலைக் கட்டில் ஐயா மூன்று தரம் எழும்பினார், தண்ணீர் கேட்டார்’ என்று உடனே சொல்லுவார். தூங்கியவர் ‘எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்’ என்பார். பதினான்கு முதியவர்களும் ஒருவர்கூட எழும்பாமல் தூங்கிய ஓர் இரவை நான் என் வேலைக்காலத்தில் கண்டதில்லை.

போகும் நேரமும் முக்கியம். சொல்லிவிட்டு ஒரு முறை போங்கள், அது மரியாதை. அதன் பிறகு சொல்லாமல் மாலை ஆறரை மணிக்கு ஒரு முறை போங்கள். பகல் வேலையாட்கள் வீட்டுக்குப் போய்விட, இரவு ஆள் இன்னும் வந்து சேராமல், விளக்குப் போடுவதும் சாப்பாடு கொடுப்பதும் மருந்து கொடுப்பதும் ஒரே நேரத்தில் வந்து விழுகிற வேளை அது. மறதி உள்ளவர்களுக்கு மனம் தடுமாறத் தொடங்குவதும் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான். அந்த நேரத்தில் குரல்கள் எப்படி இருக்கின்றன என்று விறாந்தையில் நின்று கேளுங்கள். ஒருவர் நான்கு முறை ‘பிள்ளை, பிள்ளை’ என்று கூப்பிட, ஐந்தாவது முறைக்கு என்ன பதில் வருகிறது என்று கவனியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எல்லா இடத்திலும் புட்டு, இடியப்பம், சொதி, வாரம் இரண்டு நாள் மீன் என்று ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது நேரத்தை. சில இல்லங்களில் சமையல்காரர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக மாலை ஐந்தரைக்கே இராச்சாப்பாட்டை முடித்துவிடுகிறார்கள். காலைச் சாப்பாடு ஏழரைக்கு. இடையில் 14 மணிநேரம். நீரிழிவுக்குக் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுக்கிற ஒருவருக்கு இது ஆபத்தான இடைவெளி. விடியற்காலையில் இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், எழுந்து நடந்தால் விழுவார். பார்ப்பவர் ‘வயதாகிவிட்டது, மாறாட்டம்’ என்று சொல்லிப் போர்த்திப் படுக்கவைத்துவிடுவார். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் தெளியக்கூடிய நிலை அது. மயங்கியவருக்கு மட்டும் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. படுக்கப் போகும்முன் நீரிழிவுக்காரருக்கு ஒரு கோப்பைப் பாலோ இரண்டு பிஸ்கற்றோ கொடுக்கிறார்களா, சீனி பார்க்கும் கருவி வீட்டில் இருக்கிறதா, அதை யாருக்குப் பாவிக்கத் தெரியும் என்று கேளுங்கள். இன்சுலினை எங்கே வைக்கிறார்கள் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மருந்தைப் பற்றி இன்னும் ஒன்று. பதினான்கு பேரில் எத்தனை பேருக்கு இரவில் தூக்க மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். ஆள் குறைவான இடங்களில் மாத்திரை ஆளின் வேலையைச் செய்கிறது. தூக்க மாத்திரை முதியவர்களை விழுத்தும். மறதி நோயுள்ளவர்களை அடக்கிவைக்க ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்ற மனநோய் மருந்துகளைக் கொடுப்பதும் நடக்கிறது. இத்தகைய மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இல் எச்சரித்தது. வைத்தியர் ஆராய்ந்து, அளவு எழுதி, காலம் குறித்துக் கொடுத்தால் அது வேறு. யாருடைய மருந்துச் சிட்டையிலும் இல்லாத மாத்திரை மேசை லாச்சியில் இருந்தால், அந்தப் படலையைச் சாத்திவிட்டு வாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் நான் தேடியும் காணாத ஒன்றைப் பற்றி. அம்மா விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்தில், எங்கே, என்ன செய்யும்போது விழுந்தார்? இல்லம் பார்க்கப் போவதற்கு முன், வந்த முதல் இரண்டு நாளுக்குள் அவரை ஒரு பொது வைத்திய நிபுணரிடம் கிளினிக் கொப்பியோடு அழைத்துப் போங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும் எழுந்து நின்றதும் ஒரு முறையும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் அழுத்தம் இறங்குவதால் விழுகிறவர்கள் ஏராளம், மாத்திரையின் அளவை மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும். கண்ணில் புரை இருக்கிறதா? தைரொயிட், விற்றமின் பி12 குறைவு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு எல்லாம் மறதியாகத் தோற்றம் காட்டும். அம்மாவுக்கு என்ன தேவை என்று தெரியாமல் எந்த இல்லம் பொருத்தம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அம்மா என்ன சொல்கிறார் என்பதற்கும் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மாமா சொன்னது இருக்கிறது. அயலவர் சொன்னது இருக்கிறது. தயவுசெய்து அவரிடம் கேளுங்கள். மறதி தொடங்கியிருந்தாலும் அவருக்கு விருப்பு வெறுப்பு இருக்கிறது. அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த விறாந்தையில் ஒரு மணிநேரம் இருக்கவிடுங்கள். உங்கள் பத்து நாளில் மூன்று இரவுகள் அங்கே தங்கவைத்துப் பார்க்க இடம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே நடக்கட்டும். ரொறன்ரோவுக்கு விமானம் ஏறுகிற அன்று பெட்டியோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு அழுதுகொண்டு ஓடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். தாய்க்கும் பிள்ளைக்கும் அது ஆறாத காயம்.

நான் ஓர் இல்லத்தை எடைபோடும் முறையில் பெரும்பங்கு இதற்குத்தான்: நீங்கள் அவர்களிடம் கேட்பவற்றைவிட, அவர்கள் உங்களிடம் அம்மாவைப் பற்றி என்ன கேட்கிறார்கள்? நோய்களையும் கட்டணத்தையும் மட்டும் கேட்டு முடித்துவிட்டால் எனக்கு மனம் சுருங்கிவிடும். அக்காவைப் பிறகு மாற்றிய இரண்டாவது இல்லம் சிறியது. ஒன்பது பேர்தான். பழைய நாற்சார் வீடு. தரையில் அங்கங்கே சீமெந்து வெடித்திருந்தது. அங்கே பொறுப்பாக இருந்த பெண் என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே கேட்டார். அக்காவை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? காலையில் தேநீர் முன்னேயா, முகம் கழுவுவது முன்னேயா? எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் தூக்கம் வரும்? இடப்பெயர்வில் யாரையாவது இழந்தாரா? கடைசிக் கேள்வி எனக்குத் திடுக்கிட்டது. அவர் காரணம் சொன்னார்.

அந்த வீட்டில் வலிகாமத்தைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். மறதி நன்றாக முற்றியிருந்தது. பேரப்பிள்ளைகளின் பெயர்கூட நினைவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் இரண்டு சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு படலைக்கு வந்து நிற்பார். ‘எல்லோரும் வெளிக்கிட்டுவிட்டார்கள், நான் போகவேண்டும்’ என்று கதறுவார். 1995 ஒக்டோபர் 30 இரவை அறிந்த எவருக்கும் அது புரியும். வலிகாமத்துச் சனம் முழுவதும் போருக்கு அஞ்சி, கொட்டும் மழையில் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு. வேலைக்குப் புதிதாக வந்த பெண், 1995க்குப் பிறகு பிறந்தவள், அம்மாவை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டியிருக்கிறாள். அம்மா விடியும்வரை கதவில் அடித்தாராம். அதன்பின் பொறுப்பாளரே மழை நாட்களில் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். நான் ஒருநாள் என் கண்ணால் பார்த்தேன். பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, ‘பாலத்தில் சனம் நெரிகிறதாம் அம்மா, இப்போது போனால் மிதிபடுவோம். விடிந்ததும் இரண்டு பேருமாகப் போவோம். அதுவரைக்கும் இந்தத் தேநீரைக் குடியுங்கள்’ என்றார். அம்மா குடித்தார். பையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

அந்தக் கதையைக் கேட்ட பிறகு வெடித்த சீமெந்துத் தரை என் கண்ணில் படவில்லை. உங்கள் அம்மாவுக்கு அந்த இரவில் ஐம்பதை அண்டிய வயது இருந்திருக்கும். அவர் எதைக் கடந்து வந்தார் என்பதை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் வாசிக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டிலிலிருந்து மலசலகூடத்துக்கு எத்தனை அடி என்று நடந்து பாருங்கள். பிடிகம்பி, இரவு விளக்கு, கொமோட், படிக்கட்டு, ஈரத் தரை. கட்டிலில் இருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை நிறை பார்த்து எழுதுகிறார்களா? பேசமுடியாதவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதை நிறைக் கொப்பி சொல்லும். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் தொலைபேசி எண் சுவரில் ஒட்டியிருக்கிறதா? அம்புலன்ஸ் வந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் கூடப் போவது யார், விடுதியில் இரவு பகலாகக் கூட நிற்பது யார், அதற்குத் தனிக் கட்டணமா? வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் இந்த ஒன்றைக் கேட்காமல் விட்டு, நள்ளிரவில் தொலைபேசியில் தவிக்கிறார்கள்.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், முதியோருக்குச் சேவை செய்யும் நிறுவனங்களின் பதிவைப் பற்றிப் பேசுகிறது. பிரதேச செயலகத்துக்கு ஒரு காலை நேரம் போய், சமூகசேவைப் பகுதியில் அந்த இல்லத்தைப் பற்றி விசாரிப்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள்: பம்பர்ஸ், மருந்து, வாகனம், சலவை உள்ளே வருமா வெளியே வருமா, முற்பணத்தில் எவ்வளவு திரும்பும். ‘அம்மா படுக்கையாகிவிட்டால் வைத்திருப்பீர்களா?’ என்ற கேள்விக்கு நேரான பதிலை வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிறிய இல்லங்கள் பல நடமாடுகிறவர்களை மட்டுமே வைத்திருக்கக்கூடியவை. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறவர்களை நான் மதிக்கிறேன்.

நீங்கள் போன பிறகு வாரம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க ஊரில் ஓர் ஆள் வேண்டும். வட்ஸ்அப்பில் முகம் மட்டும்தான் தெரியும். தொலைபேசியைப் பிடித்திருப்பவர் பக்கத்தில் நிற்கும்போது அம்மா குறை சொல்லவும் மாட்டார். பெறாமகளோ அம்மாவின் பழைய தோழியோ யாராக இருந்தாலும், வெவ்வேறு நேரத்தில் போகட்டும், குதிக்காலையும் முதுகையும் பார்க்கட்டும்.

மாமாவைப் பற்றி. கோபப்படாமல் அவரிடம் கேளுங்கள்: அம்மா வீட்டில் வாரத்தில் எத்தனை இரவு வந்து படுக்க உங்களால் முடியும்? முடியும் என்றால் இல்லமே தேவைப்படாமல் போகலாம், அதுவும் நல்லதுதான். ஆதரவற்றவர்கள் போகும் இடம் என்று கைதடி அரச முதியோர் இல்லத்தைச் சுட்டிப் பேசிப் பழகிய ஊர் இது. நான்கு பிள்ளைகள் பெற்றும் நான்கு நாட்டுக்குப் போரும் பிழைப்பும் அவர்களை அனுப்பிவிட்ட தாய்மாருக்கு அந்தப் பேச்சு எந்த விதத்திலும் உதவவில்லை. தனி வீட்டில் விழுந்து மறுநாள் காலை பால்காரர் வந்து கண்டெடுத்த ஓர் அம்மாவை நான் விடுதியில் ஏற்றிருக்கிறேன். ஊர் அவரைப் பார்க்க வந்தது. ஆனால் அந்த இரவு முழுவதும் அவர் கூப்பிட்டது எவருக்கும் கேட்கவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஓர் இல்லத்தார், மாதக் கட்டணம் வேண்டாம், அப்பாவின் பெயரிலுள்ள மூன்று பரப்புக் காணியை எழுதித் தந்தால் கடைசிவரை பார்ப்போம் என்கிறார்கள். நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கரவெட்டி

பதில்: வேண்டாம், தம்பி. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். மாதக் கட்டணம் கட்டுகிறவருக்கு, பராமரிப்புக் குறைந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வரலாம் என்ற ஒரு பலம் இருக்கிறது. காணியை எழுதிய அன்று அந்தப் பலம் போய்விடும். நன்கொடை உறுதியை மீளப் பெறுவது நீதிமன்றப் படியேறும் காரியம்; 78 வயதில் அதற்குக் காலம் எங்கே இருக்கிறது? இல்லத்தை நடத்துபவர் நோய்ப்படலாம், வெளிநாடு போகலாம், இல்லத்தை மூடலாம். அப்பாவுக்குத் தெளிவு இருக்கிறதென்றால், இது அவருடைய காணி, முடிவும் அவருடையது. எதை எழுதுவதானாலும் இல்லத்தார் கூட்டிவரும் நொத்தாரிசிடம் போகாமல், உங்களுக்கு அறிமுகமான சட்டத்தரணியிடம் போங்கள். சீவிய உரித்து (உயிருள்ளவரை காணியை அனுபவிக்கும் உரிமை) என்றால் என்ன, அதை வைத்துக்கொண்டு எழுதினால் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்று அப்பா காதால் கேட்கட்டும். காணியை வாடகைக்கோ குத்தகைக்கோ கொடுத்து அந்தப் பணத்தில் மாதக் கட்டணம் கட்ட வழியிருக்கிறதா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

எந்த இல்லமானாலும், பாரிசவாதக்காரருக்குச் சாப்பாடு ஊட்டுவதை ஒரு முறை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகு மறு வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடிந்தபின் அரை மணிநேரமாவது நிமிர்ந்தே இருக்கவேண்டும். தண்ணீராகச் சொதி குடிக்கும்போது அப்பாவுக்கு இருமல் வருகிறதென்றால், அது சுவாசக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். நிமோனியா என்னும் சளிக்காய்ச்சல் அப்படித்தான் பிடிக்கும். கட்டிலில் சாய்ந்தபடியே அவசரமாக ஊட்டுகிற இடத்துக்கு, காணி கேட்காமல் இலவசமாகப் பார்ப்போம் என்றாலும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: நான் 76 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை. நடமாட்டம் நன்றாக இருக்கிறது. ஓய்வூதியம் வருகிறது. இந்தப் பெரிய வீட்டில் தனியே இருக்கப் பயமாக இருக்கிறது, பேச ஆளில்லை. ஓர் இல்லத்தில் சேர நானே விரும்புகிறேன். லண்டனிலும் ஒஸ்லோவிலும் உள்ள பிள்ளைகள் அவமானம் என்று தடுக்கிறார்கள். எனக்கு நானே இல்லம் பார்க்கப் போவது முறையா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: அக்கா, நீங்கள்தான் போகவேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எனக்கு வரும் கடிதங்களில் முதியவர் தாமே எழுதுவது மிகக் குறைவு. கால் நடக்கும்போது, நினைவு தெளிவாக இருக்கும்போது தாம் வாழப்போகும் இடத்தைத் தாமே பார்ப்பதைவிட முறையான காரியம் என்ன இருக்கிறது?

உங்களுக்கான கேள்விகள் வேறு. படுக்கைப் புண்ணை இப்போது நினைக்கவேண்டாம். என் அறைக் கதவை உள்ளே தாழிடலாமா? என் பணத்தை நானே வைத்திருக்கலாமா? வெள்ளிக்கிழமை ஓட்டோ பிடித்து மருதடிப் பிள்ளையாரிடம் போய்வர யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? நினைத்த நேரத்தில் ஒரு தேநீர் போட்டுக் குடிக்கலாமா? இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னால் உங்கள் வாசிப்பு என்னாகும்? இவற்றுக்கு முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு ஒத்துவராது. பொறுப்பாளரோடு பேசுவதைச் சுருக்கிக்கொண்டு, அங்கே இருப்பவர்களோடு விறாந்தையில் அரை மணிநேரம் இருங்கள். நேற்று இராச்சாப்பாடு என்ன, இங்கே யாரோடு பேசுவீர்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள் என்று விசாரியுங்கள். பேச்சுத்துணை தேடிப் போகிறீர்கள். ஆகவே பேசக்கூடிய ஒருவராவது அங்கே இருக்கவேண்டும். எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் தலைசாய்ந்து தூங்கும் வீடு உங்களுக்கு மானிப்பாய் வீட்டைவிடத் தனிமையாக இருக்கும்.

வீட்டை உடனே விற்கவோ எழுதிக் கொடுக்கவோ வேண்டாம். திறப்பை உங்களிடமே வைத்துக்கொண்டு ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். உங்கள் தலையணையும் படிக்கும் விளக்கும் உங்களோடு போகட்டும். பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொன்னால் வாக்குவாதமாகும், கடிதமாக எழுதுங்கள். உங்களுக்கு இரவில் எத்தனை மணிக்குப் பயம் வருகிறது, கதவைத் தாழிட்டபின் என்ன சத்தங்கள் கேட்கின்றன, கடைசியாக ஒருவரோடு அமர்ந்து சாப்பிட்டது எந்த நாள் என்று எழுதுங்கள். அவர்கள் அவமானம் என்று சொல்வதன் அடியில் இருப்பது, தாம் அருகில் இல்லையே என்ற வருத்தம். உங்கள் கடிதம் அதைத் தொடும் என்று நம்புகிறேன்.

தனியே போய்ப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள். நாளைக் குறித்து, மாலை ஆறரை மணிக்கு நானும் உங்களோடு வருகிறேன்.